நந்தன் கேட்ட உத்தரவு

நாடகத்தில் வரும் ஒரு மனிதனை எப்படித் தெரிந்துகொள்வது? கதை எழுதுகிறவர்களுக்கு இது தொழில் சம்பந்தமான கேள்வி. அவன் எப்படி உடுத்துகிறான், எந்த வீட்டில் குடியிருக்கிறான் என்பதெல்லாம் ஓரளவுக்குத்தான் உதவும். அவன் யாரிடமாவது எதையாவது கேட்கிறபோது என்ன வார்த்தை சொல்லிக் கேட்கிறான், அவனிடம் ஒருவன் கேட்கிறபோது என்ன சொல்லிக் கொடுக்கிறான் அல்லது மறுக்கிறான் என்பதைக் கவனித்தால், ஆள் பிடிபட்டுவிடுவான். மேலோர், கீழோர் என்ற பேதத்தைப் பற்றிய நாடகமாக இருந்தால் இது இன்னும் பொருந்தும். கேட்பதும் கொடுப்பதும் மறுப்பதுமாகத்தானே அந்த பேதம் நடமாடுகிறது!

தமிழில் அப்படிப்பட்ட நாடகம் எது என்று கேட்டால், பலர் உடனே அண்ணாதுரையின் 'வேலைக்காரி'யைச் சொல்வார்கள். 1940களில் மேடையைக் கலக்கி, 1949இல் படமாகவும் வந்த நாடகம் அது. அதன் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு எண்பது, தொண்ணூறு வருஷங்களுக்கு முன்பே ஒரு பண்ணையாளையும் அவனுடைய ஆண்டையையும் எதிரெதிரே நிறுத்திப் பேசவைத்த ஒருவர் இருந்தார். அவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் செய்தது 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'. கதாகாலட்சேபத்துக்காக எழுதியதுதான் என்றாலும், அதில் பாட்டுக்குப் பாட்டு ஆட்கள் பேசுகிறார்கள், வாதாடுகிறார்கள், கெஞ்சுகிறார்கள். பின்னால் நாடகக் கம்பெனிகள் அதை மேடைக்கு எடுத்துப்போனபோது பெரிதாக ஒன்றையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

எங்கள் கம்மாபுரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பஸ் ஏறினால் சிதம்பரம். உட்கார இடம் கிடைத்தால் ஒரு தூக்கம் போடுவதற்குள் கோபுரம் தெரிந்துவிடும். நந்தன் வாழ்நாளெல்லாம் 'நாளை, நாளை' என்று தள்ளிப்போட்ட ஊருக்கு நாங்கள் மூல நட்சத்திரம், முகூர்த்தம் என்று எதற்கும் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுகிறோம். அதனாலோ என்னவோ, இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நந்தன் கதை தூரத்துக் கதையாகத் தோன்றுவதில்லை.

முதலில் பழைய நந்தனைப் பார்ப்போம். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுந்தரர் அடியார்களின் பெயர்களை அடுக்கிப் பாடியபோது 'திருநாளைப்போவார்' என்ற பெயரை மட்டும் சொன்னார். நம்பியாண்டார் நம்பி ஊரையும் குலத்தையும் சேர்த்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் முப்பத்தேழு பாட்டுகளில் கதையை முழுக்கச் சொன்னார். அந்த முப்பத்தேழில் ஆதனூர்ச் சேரியின் வர்ணனை ஒன்று வருகிறது. அதைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். தோல் வார் கிடக்கும் முற்றம், கோழிக்குஞ்சுகள், நாய்க்குட்டிகள், அவற்றோடு ஓடித் திரியும் குழந்தைகள், மரத்தடியில் குழந்தையைத் தூங்கவைக்கும் தாய் என்று கண்ணால் பார்த்தவர் எழுதியது போலிருக்கும். சோழ அரசில் பெரிய பதவி வகித்தவர் சேரியை இப்படிப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

இந்த நந்தனுக்கு ஆண்டை இல்லை. இது பலருக்குத் தெரியாது. ஊர்த் தொழில் செய்வதற்காக விடப்பட்ட நிலத்தின் விளைவைக்கொண்டு அவன் ஜீவிக்கிறான். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூஜைக்குக் கோரோசனையும் கொடுக்கிறான். கோயிலுக்கு அவன் கொடுத்த சாமான்கள் எல்லாம் உள்ளே போகின்றன. அவன் மட்டும் வெளியே நிற்கிறான். சிதம்பரம் போகவேண்டும் என்று ஆசை பொங்குகிறது. நம் குலத்துக்கு அது தகுமா என்ற எண்ணம் உடனே வந்து ஆசையை அமுக்குகிறது. சரி, நாளைக்குப் போவோம் என்கிறான். இப்படியே நாட்கள் போகின்றன.

சேக்கிழார் எழுதியதில் 'நாளை' என்று சொல்கிறவன் நந்தன்தான். கேட்கிறவனும் அவனே. அவனைத் தடுத்து நிறுத்த யாரும் வாசலில் நிற்கவில்லை. தடுக்கிறவனை அவன் மனசுக்குள்ளேயே குடிவைத்தாகிவிட்டது. சமூகம் ஒருவனை எவ்வளவு ஆழமாக அடக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இனி எழுநூறு வருஷங்களைத் தாண்டுவோம். கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்தவர். முடிகொண்டான், ஆனதாண்டவபுரம், மாயூரம் என்று காவிரிக் கரை ஊர்களில் வாழ்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிராசுதார்கள் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து பாடியவர். அந்தத் திண்ணையில் இருந்து பார்த்தால் வாசலில் கைகட்டி நிற்கும் பண்ணையாட்கள் தெரியாமல் போவார்களா? அவர் நந்தன் கதையை எடுத்ததும் முதல் காரியமாக அந்த வாசல் காட்சியைக் கதைக்குள் கொண்டுவந்தார். புராணத்தில் இல்லாத ஒரு வேதியரைப் படைத்து, நந்தனை அவருடைய படியாள் ஆக்கினார். படி அளந்து கூலி வாங்குகிறவன் படியாள். துடவை நிலம் போயிற்று. 'நாளை' என்ற சொல் நந்தன் மனசிலிருந்து கிளம்பி ஆண்டையின் வாய்க்கு வந்து சேர்ந்தது.

இந்த மாற்றத்தைப் புராணத்துக்குச் செய்த துரோகம் என்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. காலத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1843இல் கிழக்கிந்தியக் கம்பெனி சர்க்கார் ஒரு சட்டம் போட்டு, ஒருவன் இன்னொருவனுக்கு அடிமை என்ற வழக்கைக் கோர்ட்டுகள் ஏற்கக்கூடாது என்றது. 1860இல் இயற்றிய இந்தியக் குற்றவியல் சட்டம் 1862 ஜனவரியில் அமலுக்கு வந்தபோது, ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றமாயிற்று. நந்தனார் சரித்திரம் அச்சேறியதும் 1861-62 வாக்கில்தான். காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி அதைக் கேட்டு ஈடுபட்டு அச்சிடுவித்தார் என்று உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். அந்த நாளில் காரைக்கால், நாகப்பட்டினம் துறைகளிலிருந்து கூலியாட்கள் கடல் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். இலங்கைத் தோட்டங்கள், மொரீஷியஸ், ரீயூனியன், பினாங்கு என்று ஊரைவிட்டுப் போக வழி திறந்திருந்தது. ஆள் போய்விட்டால் வயல் என்ன ஆவது என்பது தஞ்சாவூர், தென்னாற்காடு மிராசுதாரர்களுக்கு உண்மையான கவலை. அந்தச் சமயத்தில் ஒரு படியாள், ஆண்டையிடம் போய், ஊரைவிட்டு வெளியே போக உத்தரவு கேட்கிறான் என்று ஒருவர் கதை செய்கிறார். கேட்டவர்கள் அதைப் பக்திக் கதையாக மட்டுமா கேட்டிருப்பார்கள்?

வேதியரின் வார்த்தைகளை எடுத்துக்கொள்வோம். நந்தன் மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக உத்தரவு கேட்டதும் அவர் சொல்லும் முதல் பதில், அவன் என்ன சாப்பிடுகிறவன் என்பதைச் சொல்லி அவனைக் கூப்பிட்டு, உனக்கெல்லாம் திருநாள் ஒரு கேடா என்று கேட்பதுதான். அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லவில்லை. அவன் தின்பதைச் சொல்கிறார். ஒரு மனிதனை அவன் தட்டில் உள்ளதைக் கொண்டு அளக்கிறவன், அந்தத் தட்டில் என்ன விழவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறவன் தானே என்பதை மறந்துவிடுகிறான். கூலி குறைந்தால் கிடைத்ததைத்தான் தின்ன வேண்டும்.

அவருடைய கோபம் வெறும் ஆசாரக் கோபம் என்று நினைத்தால் பாத்திரத்தைப் பாதிதான் பார்த்தவர்கள் ஆவோம். மார்கழியில் சம்பா கதிர் வாங்கி நிற்கும். தை பிறந்தால் அறுவடை. காவலுக்கும் தண்ணீர் பார்ப்பதற்கும் ஆள் இல்லாமல் ஒரு நாள் தள்ளினாலும் நஷ்டம் நஷ்டம்தான். தில்லையில் நடராஜருக்குத் திருவாதிரை எப்போது வருகிறதோ அப்போதுதான் வயலும் ஆளைக் கூப்பிடுகிறது. வேதியர் பேசுவது சாஸ்திரம். அவர் மனசில் ஓடுவது விவசாயக் கணக்கு. ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் காப்பாற்றுகிறவரை பாரதியார் நன்றாகத் தெரிந்து எழுதியிருக்கிறார்.

அவர் சொல்லும் இரண்டாவது வார்த்தை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. போகலாம், ஆனால் நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரு வேலி என்பது ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலி என்றால் இருநூற்று அறுபது ஏக்கருக்கு மேல் வருகிறது. ஒரு ஆள் ஒரு ஜன்மத்தில் முடிக்க முடியாத வேலை. 'கூடாது' என்பதை 'ஆகட்டும்' என்ற வார்த்தையால் சொல்லியிருக்கிறார் மனிதர். அதிகாரம் எப்போதும் அதட்டிக்கொண்டே இருக்காது. சில சமயம் சிரித்த முகத்தோடு சம்மதித்து, நிறைவேற்ற முடியாத ஒரு நிபந்தனையை நம் கையில் கொடுத்து அனுப்பிவிடும். இன்றைக்கும் ஆபீஸ் வாசல்களில் ஏறி இறங்குகிறவர்கள் இந்த வேதியரை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

மூன்றாவது தரப்பு சேரியில் இருக்கிறது. நந்தனைக் கண்டிக்கும் கிழவர்களைச் சொல்கிறேன். நமக்கு நம்முடைய சாமிகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பொங்கலிட்டுப் படையல் போட்டால் போதும், பெரிய கோயில் சாமி நமக்கு எதற்கு என்பது அவர்கள் பேச்சின் சாரம். சபையில் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பாரதியாரும் சிரிக்கத்தான் எழுதினார் போலும். ஆனால் எனக்கு அந்தக் கிழவர்கள் மேல் மதிப்பு உண்டு. ஒருவன் வரம்பு மீறினால் உதை சேரி முழுவதற்கும் விழும் என்பது அவர்களுடைய அனுபவம். தவிர, தங்களை உள்ளே விடாத தெய்வத்தை எதற்காகத் தேடிப்போக வேண்டும் என்று கேட்கிறவன் மூடனா, மானமுள்ளவனா? பாரதியார் அவர்களை ஹாஸ்யத்துக்காகக் கொண்டுவந்தார். ஆனால் அவர்கள் கேட்ட கேள்விக்கு அந்தக் கதையிலேயே பதில் இல்லை.

இப்போது நந்தன். அவன் பேசும் பேச்சுக்களில் முக்கால்வாசி, கேட்கும் பேச்சு. ஆண்டையை 'ஐயே' என்று கூப்பிடுகிறான். தில்லையில் நிற்கிறபோதும் பக்கத்தில் வரலாமா, தரிசிக்கலாமா என்று கேட்கும் குரல்தான். ஆண்டையிடம் போக உத்தரவு கேட்டவன் ஆண்டவனிடம் வர உத்தரவு கேட்கிறான். குரல் மாறவில்லை, பணிவு மாறவில்லை. ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. ஆண்டை முன்னால் கேட்ட உத்தரவு மறுக்கப்பட்டபோதும் அவன் ஆசையை விடவில்லை. அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது உண்மை. ஆனால் மறுபடியும் மறுபடியும் வந்து அதே கேள்வியைக் கேட்கிறான். எஜமானனுக்கு எதிர்ப்பைவிட அலுப்புக் கொடுப்பது இதுதான். காந்தியடிகள் நந்தனை எடுத்துச் சொன்னதற்குக் காரணம் இந்தப் பிடிவாதமாகத்தான் இருக்கவேண்டும்.

திருப்புன்கூர்க் கட்டத்தையும் பார்க்க வேண்டும். வாசலில் நிற்கும் நந்தனுக்குச் சந்நிதி தெரியாதபடி நந்தி மறைக்கிறது. இறைவன் நந்தியைக் கொஞ்சம் விலகியிருக்கச் சொல்கிறார். பக்தர்கள் இதைக் கேட்டுக் கண்ணீர் விடுவார்கள். நானும் உருகியிருக்கிறேன். உருகி முடிந்ததும் ஒரு விஷயம் உறுத்தும். விலகியது கல் மாடுதான். வாசலுக்கு வெளியே நின்றவன் வெளியேதான் நிற்கிறான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. சேக்கிழாரும் சொல்லவில்லை, பாரதியாரும் சொல்லவில்லை.

ஒரே இரவில் சிவகணங்கள் நாற்பது வேலி வேலையையும் முடித்துவிடுகின்றன. விடிந்து பார்த்த வேதியர் திகைத்து நந்தன் காலில் விழுகிறார். இதுவரை அடித்து விரட்டியவர், நீதான் பெரியவன், நான் உன் அடிமை என்கிற தோரணையில் பேசுகிறார். மேடையில் கைதட்டல் விழும் இடம் இது. 1860களில் ஒரு பிராம்மணர், பிராம்மண ஆண்டையைப் பண்ணையாளின் காலில் விழவைத்து எழுதினார் என்பது சாமான்யமான துணிச்சல் இல்லை. ஆனாலும் வேதியரின் கடைசி வார்த்தைகளைக் கூர்ந்து கவனித்தால், அவர் நந்தன் ஒருவனுக்குத்தான் தலைவணங்குகிறார். அதிசயம் நடந்ததால் வணங்குகிறார். அதிசயம் நடக்காத மற்ற படியாட்களுக்கு மறுநாள் காலையில் என்ன கூலி, யாருக்கு எத்தனை நாள் ஓய்வு என்பதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அந்தப் பேச்சு நிஜமாக ஆரம்பிக்க, 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதையும் சிவகணங்கள் கொண்டுவரவில்லை. செங்கொடி பிடித்த விவசாயிகள் பல வருஷம் உதைபட்டுக் கொண்டுவந்தார்கள்.

கடைசியில் நெருப்பு. கனவில் தோன்றி, தீயில் மூழ்கி வா என்று நந்தனுக்கும், தீ வளர்த்துக் கொடுங்கள் என்று அந்தணர்களுக்கும் உத்தரவாகிறது. பூணூலும் ஜடையுமாக முனிவராக எழுந்து உள்ளே போனவர் திரும்பவில்லை. வாழ்நாளெல்லாம் கேட்ட உத்தரவு அவனுக்குக் கிடைத்தது. ஆனால் அந்த உத்தரவு அவன் உடம்போடு, அவன் பிறப்போடு சேர்த்துக் கிடைக்கவில்லை. பிற்கால எழுத்தாளர்கள் இந்த இடத்தில் நின்றுவிட்டதில் ஆச்சரியம் இல்லை. புதுமைப்பித்தன் 1934இல் 'புதிய நந்தன்' எழுதினார். இந்திரா பார்த்தசாரதி 1970களில் 'நந்தன் கதை' நாடகத்தில், அந்த நெருப்பு தெய்வம் கேட்டதா, மனிதர்கள் மூட்டியதா என்று கேட்டார். 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் நாற்பத்துநாலு பேர் ஒரு குடிசைக்குள் வெந்துபோன பிறகு, நந்தனின் தீயைப் பழைய மாதிரி பாட முடியாது.

பாரதியாரை இதற்காகக் குறை சொல்லலாமா? சொல்லக்கூடாது என்பது என் கட்சி. அவருக்கும் 'நாளை' என்ற பதில் கிடைத்தது. தம் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். இலக்கணப் பிழைகள் மலிந்த நூல் என்று பிள்ளை பிடிகொடுக்காமல் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். பாரதியார் பலமுறை நடந்தார். ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து தம் பாட்டையே உருகிப் பாடிக்கொண்டிருந்தபோது, உள்ளே இருந்த பிள்ளை கேட்டுக் கரைந்து பாயிரம் கொடுத்தார் என்று சாமிநாதையர் சொல்கிறார். புலமையின் வாசலில் காத்திருந்தவருக்குக் கோயில் வாசலில் காத்திருந்தவனின் குரல் தெரிந்திருந்தது. அந்தக் குரலைத் தமிழ் ஜனங்கள் காதில் விழவைத்தார். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் லட்ச ரூபாய் சம்பளத்தில் நந்தனாக நடித்தார். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராக வந்தார். 1942இல் ஜெமினி படத்தில் தண்டபாணி தேசிகர் பாடினார். ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கானவர்கள், உத்தரவு கேட்டு நிற்கும் ஒரு மனிதனின் பக்கம் ஒரு ராத்திரியாவது சேர்ந்து நின்றார்கள்.

உத்தரவு கேளாமல் காரியம் செய்தவர்களும் வந்தார்கள். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்திலேயே நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். தீக்குழி வெட்டிய ஊரில் கரும்பலகை மாட்டினார். 1939இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் நுழைந்தார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. உடம்போடு உள்ளே போவது சட்டப்படி சாத்தியமாயிற்று.

எங்கள் பக்கத்துக்கு 1956இல் நிலக்கரி நிறுவனம் வந்தது. வயலில் கைகட்டி நின்றவர்களின் பேரன்களில் சிலர் ஷிப்டுக்குப் போனார்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு வருஷத்துக்கு இத்தனை நாள் லீவு என்று எழுதி வைத்திருக்கிறது. திருவாதிரைக்குச் சிதம்பரம் போக அவன் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். அது ஒருவர் கொடுக்கும் தயவு இல்லை, அவனுடைய பாத்தியதை. நந்தனுக்கும் இவனுக்கும் நடுவில் நடந்ததையெல்லாம் ஒரு சொல்லில் சொல்லவேண்டுமானால் 'உத்தரவு' என்ற சொல் 'லீவு' என்று மாறியதைச் சொல்லலாம். ஆனால் அதே சுரங்கத்து வாசலில், அதே சீருடை மாதிரித் தெரியும் சட்டையோடு, தினக்கூலிக்கு நிற்கும் ஒப்பந்த ஆளும் உண்டு. அவனும் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். போன நாளுக்குக் கூலி கிடையாது, அவ்வளவுதான். வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறான்.

'நாளை' என்ற சொல் மறுபடி அவன் மனசுக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டது.